குழாய் ஒழுகலில் பிறந்த குளம்

கல்லூரியில் அவருக்குப் பட்டப்பெயர் கானாங்கோழி. ஆங்கிலத் துறைப் பேராசிரியர்; ஒல்லியான ஆள். கழுத்தை முன்னே நீட்டி, ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைத்து நடப்பார். பெயர் பொருத்தம்தான். அது அவர் காதுக்கு எட்டியபோது கோபமே வரவில்லை. "பசங்க ஒரு பறவையையாவது ஒழுங்கா பாத்திருக்காங்களே," என்று மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

இத்தனைக்கும் நாற்பது வயதுவரை காக்கையையும் புறாவையும் தவிர வேறு எந்தப் பறவையும் அவருக்குத் தெரியாது. ஆனால் வகுப்பில் அவர் நடத்திய கவிதைகளில் பறவைகள் கூட்டங்கூட்டமாகப் பறந்தன. எல்லாம் எங்கோ குளிர்தேசத்துப் பறவைகள். அவற்றின் குரலில் இழையோடும் சோகத்தைப் பற்றி மனிதர் மணிக்கணக்கில் பேசுவார். கேட்பவர்களுக்கும் சோகம் வந்துவிடும், வேறு காரணத்தால்.

ஒரு நாள் மதிய வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், இந்தப் பறவை எப்படிக் கத்தும்?"

"ரொம்ப இனிமையா கத்தும்மா."

"நீங்க கேட்டிருக்கீங்களா சார்?"

"இல்லம்மா."

"சரி சார். அதோ வெளியில ஒண்ணு ரொம்ப நேரமா கத்துதே, அது என்ன?"

பேராசிரியர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் அடியில், கோரைப்புல் மண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதன் கரையில் கறுத்த முதுகும் வெள்ளை மார்புமாக ஒரு பறவை குட்டை வாலை ஆட்டியபடி நடந்தது. தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டாற்போல விடாமல் கத்தியது.

"தெரியலையேம்மா," என்றார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மறு வாரமே பைனாகுலர் ஒன்று வாங்கினார். பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டி, அது கானாங்கோழி என்று கண்டுபிடித்தார். அதன்பிறகு வகுப்பு தொடங்குமுன் தினமும் அந்தப் பள்ளத்தங்கரையில் நிற்பது வழக்கமாயிற்று. தவளை குதித்தால் இவரும் குதிப்பார். பார்த்ததையெல்லாம் எழுதி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பினார். 'எங்கள் குளம்' என்ற தலைப்பில் அது வாராவாரம் வரத் தொடங்கியது.

அனுப்புமுன் மனைவி படிப்பார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. வீட்டிலும் அந்தச் சிவப்புப் பேனாவை மூடி வைப்பதில்லை.

"'ஆயிரக்கணக்கான தும்பிகள்'னு போட்டிருக்கீங்களே, எண்ணினீங்களா?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"பேச்சுக்குன்னா பேசும்போது சொல்லிக்கோங்க. எழுதறதா இருந்தா எண்ணிட்டு வாங்க."

போய் எண்ணினார். இருபதைத் தாண்டவில்லை. அப்படியே எழுதினார். வாசகர்களுக்கு அதுதான் பிடித்தது. இந்த மனிதர் புளுகுவதில்லை என்று பெயர் வந்தது; கட்டுரைகள் புத்தகமாயின. அம்மையார் கேள்வி கேட்காமல் விட்ட சொல் ஒன்றே ஒன்று: குளம். அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

புத்தகத்தைப் படித்த இயற்கை ஆர்வலர் சங்கத்தார், குளத்தை நேரில் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். கல்லூரி முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியர் வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்த சமயம் பார்த்து வளாகத்தைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார்.

பள்ளத்தை மண்ணால் நிரப்பி ஜல்லி பரப்பியிருந்தார்கள். சுற்றிலும் குரோட்டன்ஸ் தொட்டிகள்.

"பாத்தீங்களா சார், பளிச்சுன்னு இருக்கு. அந்தப் பைப் எத்தனை வருஷமா ஒழுகிட்டிருந்தது தெரியுமா? இனிமே ஒரு சொட்டு வராது."

"சார்," என்றார் பேராசிரியர். "இதுதான் சார் குளம்."

"எது?"

"நீங்க நிக்கிற இடம்."

முதல்வர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். "நான் அது ஏதோ ஊருக்கு வெளியில இருக்குன்னு நினைச்சேனே."

பிளம்பரைக் கூப்பிட்டார்கள். பழையபடி ஒழுக வைக்க முடியுமா என்று கேட்டதும் அவர் முகம் சுண்டிவிட்டது. "ஒழுகுதுன்னு கூப்பிடுவாங்க சார். ஒழுகலன்னு இதுவரை யாரும் கூப்பிட்டதில்ல. வெளியில தெரிஞ்சா எனக்கு யார் வேலை கொடுப்பாங்க?" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறன்று காலை சங்கத்தார் தொப்பியும் பைனாகுலருமாக வேனில் வந்து இறங்கினார்கள். மனைவியும் வந்திருந்தார். பேராசிரியருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜல்லியின் முன்னால் நின்று உள்ளதைச் சொன்னார்.

"இது குளமில்லைங்க. குழாய் ஒழுகின தண்ணி. போன வாரம் சரி பண்ணிட்டாங்க. குளம்னு எழுதினது என் தப்பு."

முதல்வர் வானத்தைப் பார்த்தார். அப்போது மனைவியின் குரல் கேட்டது.

"எது வரைக்கும் தண்ணி இருந்துச்சு? காட்டுங்க."

அவர் காலால் கோடு இழுத்துக் காட்டினார். இங்கே கோரை, இந்த மூலையில் கூடு, இங்கேதான் தலைப்பிரட்டைகள். சொல்லச் சொல்ல நாக்கு இளகியது. கை நீண்டது, கழுத்தும் நீண்டது. கானாங்கோழி எப்படி நடக்கும் என்று நடந்தே காட்டினார். அந்த நடைக்கு அவர் தனியாக ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சங்கத்துத் தலைவி ஜல்லியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பின்னால் வந்த ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி பேன்ட்டை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக் குறுக்கே இறங்கினார். முதல்வர்கூட ஓரமாகத்தான் போனார்.

"இதை எதுக்கு சார் மூடினீங்க?" என்று தலைவி அவரைக் கேட்டார்.

"மூடறதா? சேச்சே. ஆழப்படுத்தற வேலை நடக்குது மேடம். இடையில ஜல்லி கொட்டி வச்சிருக்கோம்."

இத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. இனி செய்யாமல் தப்பிக்க வழியில்லை. அடுத்த வாரம் மண்ணை வாரினார்கள். வேறொரு பிளம்பர் வந்து, மெல்லிசாக வழியும்படி ஒரு குழாய் வைத்துக் கொடுத்தார். மழைக்காலத்தில் தவளைகள் வந்தன, கோரை தலைகாட்டியது. கானாங்கோழியை மட்டும் காணோம். பேராசிரியர் தினமும் போய் நின்று வெறுங்கையோடு திரும்பினார். 'இந்த வாரமும் வரவில்லை' என்றே எழுதினார். வாசகர்கள் அதையும் விடாமல் படித்தார்கள்.

பரீட்சை முடிந்த சமயம், ஒரு காலையில் முதல்வரிடமிருந்து போன் வந்தது. ரகசியம் பேசுகிற குரல்.

"சார், சீக்கிரம் வாங்க. ரெண்டு குஞ்சு. கரிக்கட்டை மாதிரி இருக்கு."

"நீங்க அங்க என்ன சார் பண்றீங்க?"

"வாக்கிங் வந்தேன். சத்தம் போடாம வாங்க. செருப்பைக் கழட்டிடுங்க."

அவர் போனபோது முதல்வர் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.