பழப்புளி போட்டு மினுக்கிய கோதுகள்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்திக்கொண்டிருந்த அரியரத்தினம், புலம்பெயர்ந்து வந்து டண்டினொங்கில் உழவு இயந்திர உதிரிப்பாகம் செய்யும் பட்டறையில் சேர்ந்த கிழமையே ‘ஹாரி’ ஆகிவிட்டார். பெயரைச் சுருக்கியவர்கள் அதற்கு மேல் அவரோடு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கால்பந்தைப் பற்றிக் கத்துவார்கள். அவர் ஓரமாக இருந்து புட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவார். இப்படியே இரண்டு குளிர்காலம் போனது.

1976இல் மேற்பார்வையாளன் லெஸ் அவரைத் தன் துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிப்போனான். எறும்பை மிதித்தாலே மனம் வருந்துகிற மனுசன் அவர். ஆனால் தூரத்து அட்டையில் தெரிந்த கறுப்பு வட்டத்துக்குச் சுட்டபோது குறி தப்பவில்லை. கழகத்தில் தோளில் தட்டினார்கள், பக்கத்தில் இருத்திப் பேசினார்கள். கடைசியில், அங்கே குளிர்காலமான யூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அணியில் ஓர் இடமும் கொடுத்தார்கள். அந்த இடத்தை அவர் உத்தியோக உயர்வைவிடப் பெரிதாக நினைத்தார்.

அணிக்குத் தோட்டா தயாரிக்கும் வேலையையும் லெஸ் அவரிடமே விட்டான். சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை அங்கே எறிந்துவிடுவதில்லை. வெடித்தபோது அவை சற்றே வீங்கியிருக்கும். உருக்கு அச்சு ஒன்றுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு ஒடுக்கியபின் திரும்ப மருந்து நிரப்புவார்கள்.

“பசை பூசாமல் மட்டும் தள்ளிவிடாதே, ஹாரி,” என்று சொல்லித்தான் லெஸ் அச்சையும் கைபிடி வைத்த அழுத்தியையும் கொடுத்தான். “உள்ளே இறுகிவிடும். இந்த அச்சு ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது.”

போட்டிக்கு முந்திய வெள்ளி பின்னேரம் கோதுகளுக்கெல்லாம் பசை பூசித் தட்டில் அடுக்கிவைத்தார். சனிக்கிழமை காலை மேலதிக வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், தட்டு குசினி மேசையில் இருந்தது. கோதுகள் தகதகவென்று மின்னின.

“என்னப்பா, அப்பிடிப் பாக்கிறியள்?” என்றாள் மனைவி சத்தியபாமா. “ஒரே பிசுக்காக் கிடந்தது. பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்கினனான்.”

“பாமா, அதுக்குப் பசை பூசியெல்லே வைச்சனான்?”

“தெரியும். அதுதான் பேந்து தேங்காயெண்ணெய் பூசினனான். பித்தளை கறுக்காது.”

ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பழப்புளி. ரசத்துக்குக்கூடக் கிள்ளிக் கிள்ளித்தான் போடுவாள். துவக்கு, துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்புகிறவள், இன்று அவருடைய வேலையில் முதல்முதலாகக் கை வைத்திருக்கிறாள்.

அவர் ஒரு கோதைத் தடவிப் பார்த்தார். குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய், லெஸ் தந்த பசையைப் போலவே விரலில் வழுக்கியது. தகரத்தில் பசை மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் திரும்பப் பூசியிருக்கலாம். ஆனால் பாமா வேலையைப் பார்க்கவென்று கராஜ் வரைக்கும் கூடவே வந்து நின்றாள்.

“பூசின எண்ணெய் காணுமே?” என்று கேட்டாள்.

“ஓம், காணும்,” என்றார்.

முதல் கோதுகள் சிரமமில்லாமல் போய்வந்தன. பிறகு அழுத்தத்தில் எண்ணெய் விலகி, கைபிடி கனத்தது. நிறுத்தவேண்டிய இடம் அதுதான். அவர் நிறுத்தவில்லை. அடுத்த கோது பாதியில் கிறீச்சிட்டு உள்ளே போனது, வெளியே வரவில்லை. மெல்ல இழுத்தார். பலமாக இழுத்தார். ‘டக்’கென்று அடிவிளிம்பு கிழிந்து கையோடு வந்தது. கோது அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

வழி அவருக்குத் தெரியும். கோதின் அடியில் துளையிட்டு, மரை வெட்டி, ஆணி முடுக்கி இழுக்கலாம். மரை வெட்டும் கருவி பட்டறையில் இருந்தது, பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். வாங்கலாமென்றால் சனி மத்தியானத்தோடு கடைகளும் அடைப்பு. அச்சைக் கொதிநீரில் போட்டார். தட்டினார். கம்பி விட்டுக் குத்தினார். ஒன்றுக்கும் அசையவில்லை. கேட்ட பாமாவிடம் அச்சுப் பழசு என்றுவிட்டார்.

பின்னேரம் லெஸ் வந்தான். தட்டைப் பார்த்ததும் சிரித்தான்.

“என்ன ஹாரி, மகாராணி வருகிறாளா? இப்படி மினுக்கி வைத்திருக்கிறாய்!”

அரியரத்தினம் அச்சை நீட்டினார். லெஸ் அதை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தான். சிரிப்பு நின்றது.

“பசை பூசினாயா?”

அவர்களின் இங்கிலிசு விளங்காமல் வாசலில் பாமா தேத்தண்ணியோடு நின்றாள். புளி, உப்பு, தேங்காயெண்ணெய் என்று இவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விளங்கினால் திங்கட்கிழமை பட்டறை முழுக்க அவளை வைத்துச் சிரிக்கும்.

“மறந்துபோனேன்,” என்றார்.

“நீயா?” லெஸ் அச்சைச் சட்டைப்பையில் போட்டான். “சரி மைட், பரவாயில்லை.” அழுத்தியைக் கழற்றி எடுத்தான். கோதுகளையும் எடுத்தான். “பக்கத்துக் கழகத்தில் இரவல் தோட்டா கேட்கிறேன். எல்லாருக்கும் போதாது. நாளைக்கு நீ வீட்டில் ஓய்வெடு.”

‘பார்க்கவாவது வருகிறேன்’ என்ற வசனம் நாக்குவரை வந்தது. அதற்குள் கார்க்கதவு மூடிவிட்டது.

“தேத்தண்ணி குடிக்காமல் ஓடுறார்?” என்றாள் பாமா.

“அவசரமாம்.”

“கோதைப் பாத்து என்ன சொன்னவர்? சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரே?”

“நல்ல மினுக்கமாம்.”

பாமாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியளே! இனி எப்ப கொண்டந்தாலும் என்னட்டைத் தாங்கோ. நானே செய்து தாறன்.”

அவர் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, “ஓம்” என்றார்.