ஹோன் அடிக்காத லாஞ்சி

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப் போனவை. ஆறையும் படிப்பித்தேன். எனக்குத்தான் என் பெயரையும் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரையும் தாண்டி எழுத்து ஓடாது. அதனால் இதை நான் சொல்ல, என் பேத்தி டிலானி எழுதுகிறாள்.

இன்று காலையும் போன் 'டிங்' என்றது. யாரோ அனுப்பிய ரோசாப்பூ. நான் தொடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மூதூர் லாஞ்சியின் ஹோன்தான் நினைவுக்கு வரும். அப்போது நான் இந்தக் கரையில், படகு அணையும் ஜெட்டியடியில் துறைமுகத் தொழிலாளருக்கு இடியப்பம் விற்றேன். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு குடாவைக் கடந்து வரும் அந்த மோட்டார்ப் படகு, தூரத்திலேயே இரண்டு முறை ஹோன் அடிக்கும். எண்ணெய்ப் புகையோடு, காய்ச்சிய பாலின் மணத்தோடு, ஆமினா தயிர்ச் சட்டிகளுடன் இறங்குவாள். முதல்நாளே சண்டை. என் இடியப்பத் தட்டின்மேல் சட்டியை வைத்துவிட்டாள். நான் ஏச, அவள் சிரித்தாள். பிறகு முப்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

மூதூரில் யாராவது இறந்திருந்தால் எங்கள் லாஞ்சிக்காரர் ஹோன் அடிக்க மாட்டார். அது அவருடைய வழக்கம். லாஞ்சி சத்தமில்லாமல் வரும். கண்டதும் ஜெட்டியில் கதை நின்றுவிடும். யார் என்று அவர் இறங்கி வந்து சொல்லும்வரை ஒருவரும் அசைய மாட்டோம். தெரிந்தவர் என்றால் திரும்பிப் போகும் அதே லாஞ்சியில் ஏறுவோம்.

அப்படி ஒருநாள் போய் வரும்போதுதான் ஆமினா சொன்னாள்: "நான் மௌத்தானா நீ வந்து மொகம் பாக்கணும் புள்ள."

"நான் முந்தினால்?"

"முந்தினா ஒண்ட கல்லு இடியப்பத்துல இருந்து நான் தப்பினன்."

பாலங்கள் வந்தபின் சனம் பஸ்ஸுக்கு மாறியது. எங்கள் இரண்டு பேருக்கும் முழங்காலும் போயிற்று. ஆமினாவின் மகள் பரீதாதான் போனில் பழைய ஜெட்டி ஆட்களுக்கு ஒரு குரூப் தொடங்கினாள். குறை சொல்ல மாட்டேன். யுத்தத்தில் சிதறிப் போனவர்களையெல்லாம் அதில் கண்டேன். ஆமினா தினமும் காலையில் ஒரு பூ அனுப்புவாள். நான் சிரிப்பு மூஞ்சி ஒன்றைத் தட்டிவிடுவேன். கடிதம் எழுதத் தெரியாத இருவர் அப்படித்தான் கதைத்தோம்.

போன மாதம் ஒருநாள் அவளுடைய போனிலிருந்து வழக்கம்போல் குரூப்பில் பூ வந்தது. வெள்ளைப் பூ. கீழே கொஞ்சம் எழுத்து. நான் சிரிப்பு மூஞ்சியைத் தட்டிவிட்டுத் தேங்காய் துருவப் போனேன்.

பின்னேரம் டிலானி வேலை முடிந்து வந்து போனை எடுத்தாள்.

"அம்மம்மா, ஆமினா உம்மா மௌத்தாப் போயிட்டாவாம். மகள்தான் தாயின்ர போனில இருந்து அறிவிச்சிருக்கிறா. நீங்கள் என்ன, சிரிச்சு வைச்சிருக்கிறியள்?"

"எப்ப எடுக்கினமாம்?"

"பகல் தொழுகையோட அடக்கியாச்சு."

ஊரெல்லாம் துக்கம் சொல்லியிருக்க, நடுவில் என் சிரிப்பு.

"அழிச்சு விடட்டே?"

"பரீதா பாத்திட்டாளோ?"

"ஓம்."

"பிறகென்னத்துக்கு அழிக்கிறாய்?"

பரீதா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். பூ வந்ததிலிருந்து அடக்கும்வரை நான்கு மணித்தியாலம் என் கையில் இருந்தது. மூதூர் பஸ்ஸுக்கு அது தாராளம். கலியாணத்துக்கும் அதே டிங், மௌத்துக்கும் அதே டிங். முகம் பார்ப்பேன் என்ற வாக்கு அதற்குள் போயிற்று.

நாளைக் காலை மூதூர் போகிறேன். பரீதா உள்ளே கூப்பிடுவாளோ தெரியாது. டிலானி எழுதும் இது, நான் போய்ச் சேருமுன் குரூப்பில் போகட்டும். சிரிப்பைக் கண்டவர்களெல்லாம் இதையும் காணவேண்டும்.

"டிலானி, இது போகேக்க டிங் எண்டாமல் அனுப்ப ஏலாதே?"

"அது அவையின்ர போனில இருக்கு, எங்களால ஏலாது. அம்மம்மா, அந்தச் சிரிப்பு மூஞ்சிக் கதையை மட்டும் விடுவமே? வெக்கமாக் கிடக்கு."

"அதை விட்டால் இதில வேற என்ன இருக்கு? எழுதினியோ இல்லையோ பாக்கவேணும். முதலில இருந்து வாசி பிள்ளை. உரத்து வாசி."