பத்தாவது சத்தம்

ஸ்கேன் அறை வாசலில் நின்று உலோகம் எண்ணுவதுதான் என் வேலை. ராஜபாளையத்தில் என் அளவுக்கு ஊக்கு எண்ணியவர் யாரும் இருக்க முடியாது. அந்த வாசலில் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் உறவுக்காரர்கள்.

எட்டு உருப்படி

சேத்தூர் தர்ஷினிக்கு ஆறு வயது. பிள்ளைகளுக்கு அபூர்வமாக வரும் மூளைக்கட்டி ஒன்றை மதுரையில் எடுத்திருந்தார்கள். அது திரும்ப முளைக்கிறதா என்று பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே படம்.

உள்ளே இருப்பது பெரிய காந்தம். சின்ன இரும்பும் ஆகாது. தோடு இரண்டு, கொலுசு இரண்டு, முடி ஊசி இரண்டு, அரைஞாண் ஒன்று, தாயத்து ஒன்று. "எட்டு, சரி" என்று எழுதினேன். அவள் பாவாடை இடுப்பைத் திருப்பி ஓர் ஊக்கைக் காட்டினாள்.

"இது ஒங்க கணக்குல சேராதா தாத்தா?"

மில்லுச் சத்தம்

ஆடாமல் படுத்தால் மயக்க மருந்து தேவையில்லை. ஆனால் இயந்திரம் போடும் சத்தத்துக்கு மூன்று பெரியவர்களே எழுந்து ஓடியிருக்கிறார்கள். அவள் காதை அடைத்துவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்தேன். படத்துக்கு ஒன்றாக மொத்தம் ஒன்பது சத்தம். ஒவ்வொன்று முடிந்ததும் அவள் கால் பெருவிரலை ஒருமுறை அமுக்குவேன் என்று ஒப்பந்தம்.

முடிந்து வெளியே வந்தால், நூல் மில்லில் வேலை பார்க்கும் அவள் அம்மா ராணி அழுதுகொண்டு நிற்கிறாள்.

"எதுக்கும்மா அழுவுற? ஒன் மில்லு இதைவிடக் கத்தும்!" என்றாள் தர்ஷினி.

கூடுதலாக ஒன்று

போன மாதம் நாலாவது முறை. ஒன்பது முடிந்தும் இயந்திரம் நிற்கவில்லை. பத்தாவது ஓடியது. எதையோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வெளியே ராணியும் விரல் மடக்கி எண்ணியிருக்கிறாள்.

"அய்யா, ஒண்ணு கூடுதலா ஓடுச்சே?" என்றாள்.

அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். "கட்டி இருந்த இடம் சுத்தமா இருக்கு. திரும்ப வரல." ராணி சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

"அப்போ பத்தாவது எதுக்கு?" என்று படம் எடுத்த பெண்ணிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏழாவதுல பிள்ளை ஆடிருச்சு. அதைத் திரும்ப எடுத்தேன்."

தர்ஷினிக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா ஆடுனேன்? தாத்தா நகமே வெட்டல. ஆறு முடிஞ்சு அமுக்குனப்ப கூசுச்சு, சிரிச்சிட்டேன்!"

பதினாறு வருடமாக அடுத்தவர் இடுப்பில் ஊக்கு தேடிய நான், இப்போது முதலில் என் விரல் பத்தையும் சரிபார்த்துவிட்டுத்தான் வாசலில் நிற்கிறேன்.