ஓரகத்திக்குச் சொல்லாத பக்குவம்

மரக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. பச்சை மரங்கள் வந்து இறங்கும்போது உரித்துப் போடுகிற பட்டை, குப்பையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அதில் ஒரு கட்டு வீட்டுக்கு எடுத்துப்போய்க் கூடை பின்னிப் பார்த்தாள். முதல் வருடம் பின்னியதெல்லாம் காய்ந்து சுருங்கி, பல் விழுந்த வாய்போல இடைவெளி விட்டது. உரித்த பட்டையை நிழலில் நன்றாகக் காயவைத்து, பின்னும்போது மறுபடி ஊறவைக்க வேண்டும் என்பது பிடிபடவே இரண்டு வருடம் ஆயிற்று. “பட்டையம்மா பட்டையக் கிளப்புறாங்க” என்று மரக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள்.

கணவனின் அண்ணன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, வீட்டில் வைக்க அழகாயிருக்கும் என்று ஆறு கூடைகளைக் கேட்டு வாங்கிப்போனாள். அடுத்த மாதம் ஒரு கைவினைக் கண்காட்சியில் அந்த ஆறும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கீழே ஓரகத்தியின் பெயர். பக்கத்தில், ஓரகத்தி பரிசு வாங்கும் படம்.

“குடும்பத்துக்குள்ள எதுக்கு வம்பு? விட்டுடு” என்றான் கணவன்.

அவள் விடவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை.

பரிசு கிடைத்த பேரில் ஒரு ஓட்டல், வரவேற்பறைக்கும் அறைகளுக்கும் நாற்பது கூடை கேட்டது. ஓரகத்தி ஓடி வந்தாள்.

“பின்னிக் குடும்மா.”

“எனக்கு ஏதுக்கா நேரம்? கத்துத் தர்றேன், நீங்களே பின்னுங்க.”

நான்கு ஞாயிறு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பட்டையை நாராகக் கீறுவது, அடி கட்டுவது, விளிம்பு மடிப்பது, எதிலும் குறை வைக்கவில்லை.

“உரிச்ச கையோட பின்னலாமா?”

“தாராளமா. அப்பதான் சொன்னபடி வளையும்.”

அது பொய்யில்லை. மீதியை மென்று விழுங்கிவிட்டாள்.

ஓரகத்தி இரண்டு பேரைக் கூலிக்கு வைத்து நாற்பதையும் பின்னி அனுப்பினாள். ஏசி காற்றில் ஒரே மாதத்தில் எல்லாம் சுருங்கின. விளிம்புகள் கழன்றன. வரவேற்பறையில் ஒரு பழக்கூடையின் அடி விட்டுப்போய், விருந்தாளிகளின் காலடியில் ஆப்பிள்கள் உருண்டன. ஓட்டல்காரர்கள் அத்தனையையும் வேனில் ஏற்றிவந்து, தெருவே பார்க்க ஓரகத்தி வாசலில் இறக்கினார்கள்.

அவள் போய்ப் பார்த்தாள். பார்க்கவென்றே போனாள்.

“இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?” ஓரகத்தி ஒரு கூடையைத் தூக்கிக் காட்டினாள்.

“தெரியும்க்கா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“என் கூடைல உங்க பேரப் போட்டப்ப, நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அதன்பின் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கணவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. ஒரே ஒரு வருத்தம்தான்: நாற்பது கூடைக்கான நல்ல பட்டை வீணாய்ப் போயிற்று.