உண்ணி பார்க்காத நாட்கள்

மண்ணெண்ணெயில் விழுந்த உண்ணி உடனே சாகாது. சிகரெட் தகரத்தின் அடியில் கிடந்து கால்களை மெல்ல அசைத்துக்கொண்டிருக்கும். ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் அப்பா மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக, லயத்து வீடுகளிலிருந்த தொழிலாளருக்கு ‘டாக்டரையா’வாக இருந்த காலத்தில், அந்தத் தகரம் என் பொறுப்பில் இருந்தது.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை எங்களிடம் விட்டுப்போன சின்ன டெரியர் நாய்க்குப் பெயர் டெஸ்ஸி. எலி வளையைக் கண்டால் யார் அதட்டினாலும் கேளாமல், மூக்கெல்லாம் மண்ணாகத் தோண்டும் அந்தப் பிடிவாதக்காரி, பின்னேரம் நான் தகரத்தோடு படியில் உட்கார்ந்ததும் ஓடிவந்து மல்லாந்து படுத்து, ஒவ்வொரு பாதமாக நீட்டுவாள். தேயிலைக்குள் அலையும் நாய்க்கு விரலிடுக்கிலும் காதுமடலிலும்தான் உண்ணி ஏறும் என்பதால், அப்பா தினமும் கேட்பார்: “பிள்ளை, உண்ணி பார்த்தனியோ?”

ஒரு வருஷம் பள்ளி விடுமுறைக்கு, தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டில் கரம் ஆடும் பலகை வாங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு நாட்கள் நான் அங்கேயே கிடந்தேன். “ஓம் அப்பா, பார்த்தனான்” என்று அத்தனை நாளும் சொன்னேன். டெஸ்ஸி படியில் மல்லாந்து காத்திருந்துவிட்டு எழுந்துபோவதை முதலிரண்டு நாட்கள் கண்டேன். பிறகு பின்வாசலால் போய்வரப் பழகினேன்.

ஒருநாள் அவள் எழவில்லை. அப்பா உதட்டை விலக்கி வெளுத்த ஈறைப் பார்த்தார்.

“உண்ணிக் காய்ச்சல் எண்டால் உடனே பதுளைக்கு, மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோக வேணும். பிள்ளை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவள், அதாயிராது. வயித்துப் பூச்சிதான்.”

பூச்சிக்கு மருந்து கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள், டிஸ்பென்சரி கூட்டும் செவனம்மா நாயைச் சாக்கில் கிடத்தும்போது விரலிடுக்கை விரித்துப் பார்த்தாள். “பாப்பா, உண்ணி மொய்ச்சுக் கெடக்கு. ஐயாகிட்ட போய்ச் சொல்லுங்க. மத்தியானம் பதுளைக்கு லொறி போகுது.”

சொல்கிறேன் என்றேன். சொல்லாமல், விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் டெஸ்ஸியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் உண்ணியாகப் பிடுங்கித் தகரத்தில் போட்டேன். அவள் வழக்கம்போல அடுத்த பாதத்தை நீட்டினாள். லொறி மலையிறங்கும் சத்தம் கேட்டது.

அடுத்த காலை செத்துக்கிடந்தாள். “நான்தான் பிழையாப் பார்த்துப்போட்டன்” என்றார் அப்பா. செவனம்மா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போனபின், ஆட்டுக்கோ மாட்டுக்கோ மருந்து கேட்டு யாராவது வந்தால், “மிருகங்களுக்கு நான் பார்க்கிறேல்லை, எனக்கு அது விளங்காது” என்று அப்பா திருப்பி அனுப்பிவிடுவார். அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சாகும்வரையிலும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

சில வருஷங்களுக்கு முன் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் தேயிலை நின்றது. செவனம்மாவை விசாரித்தேன், அந்தப் பெயரே யாருக்கும் தெரியவில்லை. என் பொய்யை அறிந்தவர் இனி ஒருவருமில்லை என்று எண்ணியபோது ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காகத்தான் இதை எழுதிவைக்கிறேன்.