பெரியதாழைக்கு ரயில் விட்ட கதை

கப்பல் எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் கரையேறியபோது, நான் வீட்டில் சும்மா இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுவேன் என்று என் மனைவி பயந்தாள். நியாயமான பயம்தான். அதற்குள் மிக்ஸியைக் கழற்றியிருந்தேன், திரும்ப மாட்டியபிறகு அது கப்பல் போலவே சத்தம் போட்டது. அதனால் மாடி அறையில் பொம்மை ரயில் விடப்போகிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

சுவரை ஒட்டிப் பலகை அடித்துத் தண்டவாளம் போட்டேன். மூன்று ஸ்டேஷன்: தூத்துக்குடி, ஏரல், பெரியதாழை. ஏரலுக்கும் பெரியதாழைக்கும் நிஜத்தில் ரயில் கிடையாது. எத்தனையோ பேர் மனு கொடுத்தும் நடக்காததை ஒரு பெட்டி ஆணியில் நான் முடித்துவிட்டேன். பதிலுக்கு யாரிடமும் ஓட்டுக்கூடக் கேட்கவில்லை.

கையால் ஓட்டுவதில் எனக்கு ருசி இல்லை. லேப்டாப்பே டைம்டேபிளைப் பார்த்து எல்லா ரயிலையும் ஓட்டவேண்டும், நான் காப்பி குடித்துக்கொண்டு பார்க்கவேண்டும். அதற்காகத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் வயர் இழுத்தேன். ஒரு துண்டில் இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்கு மின்சாரம் பாய்ந்தால் அங்கே ரயில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். இன்னொரு ரயிலை அதற்குள் விடாது.

முதல் ஓட்டத்திலேயே எல்லாம் நின்றுபோயின. ஏரலில் இரண்டு லைன். ஒன்றில் கூட்ஸ், மற்றதில் பாசஞ்சர், இரண்டும் தூத்துக்குடி போகவேண்டியவை. வெளியே ஒற்றை லைனில், தூத்துக்குடியிலிருந்து வந்த ரயில். அது உள்ளே வந்தால்தான் பாசஞ்சர் வெளியே போகலாம். பாசஞ்சர் வெளியே போனால்தான் அது உள்ளே வரலாம். கம்ப்யூட்டர் யார்மேலும் மோதாமல், யாரையும் நகர்த்தாமல், மகா ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தது.

வேலை முடிந்து வந்த மனைவி தோளில் கைப்பையோடு எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருக்கிறாள். எந்தக் கப்பல் எப்போது சேனல் என்கிற குறுகலான கடல்வழியாக உள்ளே வந்து பெர்த்தில் கட்டுவது என்று திட்டம் போடுவதுதான் அவள் வேலை.

"பெர்த்துல கப்பல் கெடக்கும்போதே அடுத்த கப்பல சேனலுக்குள்ள கொண்டாந்து நிறுத்தியிருக்கிய. வெளிய போறவன் எதுவழியா போவான், ஆகாசத்துலயா?"

"பிளான் கரெக்ட்டுதான். சாப்ட்வேர்ல ஏதோ..."

"தள்ளுங்க."

தள்ளி உட்கார்ந்தேன். ஏரலில் ஒரு லைன் காலியாகி, வழியும் காலியானால்தான் தூத்துக்குடியிலிருந்து வண்டி கிளம்பவேண்டும் என்று மாற்றி எழுதினாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. வெளியே நின்ற ரயிலை நான் தூத்துக்குடிக்கே பின்னால் தள்ளிவிட்டதும் ரயில்கள் ஓடின. அன்றிலிருந்து அவள்தான் மேலதிகாரி. நான் மெயின்டனன்ஸ்.

அந்தச் சமயத்தில் பெரியதாழையிலிருந்து மாமனார் வந்தார். வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்த மனுஷர். மருமகன் பொம்மையோடு விளையாடுவது தெரிந்து முகம் கடுகடுவென்றாகிவிட்டது. ஆனால் மாடிக்கு வந்தவர் ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, நம்ம ஊருக்கா போட்டிருக்கிய?"

"ஆமா மாமா."

மகள் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்பம் எதுக்கு ஏரல்ல போட்டு நிப்பாட்டுதிய? நம்ம வண்டி நிக்காமப் போட்டும்."

மகள் காதில் விழுந்துவிட்டது. "சிபாரிசெல்லாம் இங்க நடக்காதுப்பா."

அடுத்த நாள் வீடு மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, மாதா கோயிலிலிருந்து பங்குச் சாமியார் வந்தார். கீழே எல்லா அறையிலும் தீர்த்தம் தெளித்து முடித்தவரை மாமனார் விடவில்லை. "சாமி, மேல நம்ம ஊரு ரயில் ஓடுது. அதையும் மந்திரிச்சிருங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்துவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சாமியார் ஜெபம் சொல்லித் தாராளமாகத் தெளித்தார். தீர்த்தத்தில் உப்புப் போட்டு மந்திரிப்பது வழக்கம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். லேப்டாப் திரையில் ஒவ்வொரு துண்டாகச் சிவந்தது. எங்கெங்கும் ரயில் நிற்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த ரயில்கள் அந்தந்த இடத்திலேயே நின்றன.

"யேசுவே, தீர்த்தம் பட்டதும் நின்னுட்டே!" மாமனார் சிலுவை போட்டுக்கொண்டார். "மாப்ள, ரயிலுக்குள்ள என்ன பேய் இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா, உப்பு."

சாமியார் முகம் சுண்டிப்போயிற்று. "நான் ஏதும் கெடுத்துட்டனா?"

"இல்ல சாமி. தண்டவாளம் பூரா ரயில் நிக்கிறதா இது நினைக்கிது."

அவர் தண்டவாளத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். "கண்ணால காணாததையெல்லாம் விசுவசிக்கிதே. பூசையில இப்படி நாலு பேர் இருந்தாப் போதும்." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

கரண்டை நிறுத்திவிட்டு, மனைவியும் சேர்ந்து நான்கு பேரும் துடைத்தோம். முதலில் ஈரத்துணி, பிறகு ஸ்பிரிட் நனைத்த துணி. சாமியார் அங்கியை மடித்துக்கொண்டு பலகைக்கடியில் குனிந்து வயர்களைத் துடைத்தார். மாமனார் பெரியதாழை ஸ்டேஷன் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை, அவரே துடைத்தார். துடைக்கும்போது சாமியார் என்னிடம், "எல்லாம் கம்ப்யூட்டரே ஓட்டுனா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார். கப்பலில் நாள் முழுக்க ஒரு எஞ்சின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவன் நான். பார்த்துக்கொண்டு இருப்பேன் என்றேன். அவர் தலையாட்டினார்.

கரண்டு கொடுத்ததும் ஏரலில் ஒரு துண்டு மட்டும் சிவப்பாகவே இருந்தது. அங்கே ஈரம் அடியில் இறங்கிவிட்டது. மனைவி திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஏரல்ல ஒரு லைன் அவுட். இன்னைக்கு மட்டும் பெரியதாழை வண்டி அங்க நிக்காது."

வண்டி அடுத்த லைனில் ஏரலைக் கடந்து, வளைவு திரும்பி, பெரியதாழையில் போய் நின்றது. மாமனார் போனை எடுத்து ஊரில் இருக்கும் தன் தம்பிக்குப் போட்டார். கடலில் பேசிப் பழகிய குரல், தெருவுக்கே கேட்டது.

"ஏலே, நம்ம ஊருக்கு ரயில் வந்துட்டுல! ... குடிக்கலல, சாமியார் பக்கத்துல நிக்காரு! ... இரு, கேட்டுச் சொல்லுதேன்." போனைப் பொத்தாமலே மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, திரும்பி எப்பம் கெளம்பும்னு கேக்கான்."

"ஈரம் காயட்டும்னு சொல்லுங்கப்பா."