சரசுவின் அம்மா எங்கே போனாள்?

வானொலிக்கு வாராவாரம் தொடர் நாடகம் எழுதுகிறவன் கதைக்குள் யாரை வேண்டுமானாலும் திட்ட வைக்கலாம். ஊர் திட்ட ஆரம்பித்துவிட்டால் நிறுத்த வைக்க முடியாது. மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் மலாக்காவில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள், எழுதிப் பிழைக்கும் என் சக பாவிகளே.

ஆள் கிடைக்காத அம்மா

என் கதையில் மகளை விட்டுவிட்டு ஓடிப்போகிற அம்மா ஒருத்தி உண்டு. நடிக்கக் கூப்பிட்ட பெண்மணி வசனத்தைப் படித்துவிட்டுத் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். வேறு ஆளும் அகப்படவில்லை. அதனால் கதை தொடங்கும் முன்பே அந்த அம்மாவை நகைப்பெட்டியோடு சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தேன். அப்பாவும் மகளும்தான் மிச்சம். அந்தப் பெண்மணி சொன்னது இது:

"மாமியாரா வந்து மருமகள அடிக்கச் சொல்லுங்க, அடிக்கிறேன். பெத்த பிள்ளைய விட்டுட்டு ஓடுனா, நாளைக்கு நான் பசாருக்குக் காய் வாங்க எப்படிப் போறது?"

நானாவின் வேண்டுகோள்

அப்பாவுக்கு வேலை போவதுதான் கதை என்று நான் நினைத்திருந்தேன். கேட்டவர்களுக்கு ஓடிப்போனவள்தான் கதை. சரி என்று நானும் இறங்கிவிட்டேன். அப்பாவுக்கு இருமலா, அவளால்தான். கூரை ஒழுகுகிறதா, அதுவும் அவளால்தான். சுதந்திரம் எப்போது என்று கேட்டவர்களைவிட அவள் எப்போது வருவாள் என்று கேட்டவர்கள் அதிகம்.

காஜா பெராங் பகுதியில், நானா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணிக் கடையில், நாடக நேரத்தில் ரேடியோவுக்குக் கீழே நிற்க இடம் இருக்காது. நானா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அவளக் கூட்டிட்டு வந்துராதீங்க. ஏசுறதுக்கு ஆளு இல்லேன்னா இவங்க ஏன் இன்னொரு தேத்தண்ணி கேக்கப் போறாங்க?"

பெண் பார்த்த கதை

மகளுக்குக் கதையில் கல்பனா என்று பெயர் வைத்திருந்தேன். நடித்த பெண்ணின் சொந்தப் பெயர் சரசு. நாடகம் நேரடி ஒலிபரப்பு. வாய் தவறினால் தவறியதுதான். அப்பாவாக நடித்த பெரியவர் முதல் வாரமே பெயரை மறந்து, "சரசு, ஒங்கம்மா நம்மள விட்டுட்டுப் போயிட்டாளே!" என்று கதறிவிட்டார். அன்றிலிருந்து கதையிலும் அவள் சரசுவே.

பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து நிஜ சரசுவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. காப்பித் தட்டோடு வந்த சரசுவின் அம்மா லெட்சுமியைப் பையனின் தாயார் ஏற இறங்கப் பார்த்தார். அது நாடகம் என்று எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை.

"நாடகம்னா பேரு மட்டும் எப்படி ஒண்ணா இருக்கும்? பெத்தவ சிங்கப்பூர்ல இருக்கான்னு ஊருக்கே தெரியும். சின்னம்மாவ முன்னால நிறுத்தி ஏன் மறைக்கிறீங்க?"

எழுதாத வசனம்

சரசு என்னிடம் வந்து அழுதாள். ஓடிப்போன அம்மாவைத் திரும்ப வரவழைத்து, அவள் வசனத்தை லெட்சுமியையே பேச வைப்பது என்று முடிவு செய்தேன். ரேடியோ அம்மாவும் வீட்டு அம்மாவும் ஒரே குரலில் பேசினால் பத்து பெரெண்டாம் நம்பும் அல்லவா?

"சரசு, அம்மா வந்துட்டேன்" என்றார் லெட்சுமி. அடுத்து "என்னை மன்னிச்சிரு" என்று வரவேண்டும். வரவில்லை. மைக்கைப் பார்த்தார், என்னை முறைத்தார். பிறகு ஏச ஆரம்பித்தார்: "நான் ஏண்டி மன்னிப்புக் கேக்கணும்? நான் எங்கடி போனேன்? அடுப்படியிலதானே கெடந்தேன்! ஒனக்கும் ஒங்கப்பனுக்கும் சோறு பொங்கிப் போட்டது யாரு, சிங்கப்பூர்க்காரியா?" நாடகத்து அப்பா நடுங்கிப்போய், தாளில் இல்லாத ஒரு வார்த்தை சொன்னார்: "நீதாம்மா."

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் பையனின் தாயார் வெற்றிலைத் தட்டோடு வந்து லெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே ஒண்ணும் கேக்க வேணாம். பெத்தவதான் இப்படி ஏசுவா. சின்னம்மாவுக்கு இந்தத் தைரியம் வராது."

அந்த வசனத்துக்காக நிலையத்தில் என்னைப் பாராட்டினார்கள், நானும் கூசாமல் வாங்கிக்கொண்டேன். நம் பிழைப்பு அப்படித்தானே.